அவசரப்பட்டு ரோல் அடிக்காதே: எல்டன் ரிங்கில் மார்கிட் முதல் மலேனியா வரை

எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25 அன்று வந்தது. இத்தனை வருடம் கழித்தும், புழல் காவாங்கரைப் பக்கம் யார் வீட்டில் அதைப் புதிதாகப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் இருக்கும் பாலம். மார்கிட் தடியைத் தூக்குகிறான். தூக்கியதுமே பையன் ரோல் அடிக்கிறான். ரோல் முடிந்து எழுந்து நிற்கிற நேரம் பார்த்துத் தடி மண்டையில் இறங்குகிறது. "அண்ணா, கேம் ஏமாத்துதுண்ணா" என்று கன்ட்ரோலரைக் கட்டிலில் எறிகிறான்.

ஏமாற்றத்தான் செய்கிறது, தெரிந்தே செய்கிறது. கேமை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேரின் மியாசாகி குழு பாஸ்களுக்கு ஓங்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறது, ஓங்கிவிட்டுக் காத்திருக்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைத் தாண்டுவது எப்படி என்பதுதான் இங்கே பெரும்பகுதி. குதிரையை எப்படிக் கூப்பிடுவது, மேப் துண்டு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தெரியாதவர்கள் லிம்கிரேவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிவிட்டு வாருங்கள்.

சண்டைக்கு முந்திய வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விகர் ஏற்றுங்கள். மார்கிட்டுக்கு 20 தாண்டினால் போதும், பாதி ஆட்டத்துக்குள் 40 வரவேண்டும். 40-இல் உயிர் 1450, 60-இல் 1900. அதற்கு மேல் 99 வரை ரூனைக் கொட்டினாலும் கூடுவது 200தான், அதனால் 60-இல் நிறுத்துங்கள். லெவலைவிட ஆயுதத்தின் பிளஸ் எண் முக்கியம். எல்லே தேவாலயத்து மேசையில் +3 வரைதான் ஏறும், மீதிக்கு ரவுண்ட்டேபிளில் உட்கார்ந்திருக்கும் ஹியூக் தாத்தாவிடம் போகவேண்டும். சாதாரண ஆயுதம் +25 வரை, சோம்பர் கல் கேட்கும் ஆயுதம் +10 வரை. சுமை 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். அழகாக இருக்கிறதே என்று முழு இரும்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரோல் அடிக்கும்போது பொத்தென்று மூட்டை மாதிரி விழுகிறவர்கள் மேல் எனக்கு இரக்கமே வராது.

இனி கை விஷயம்.

பட்டனை விடும்போதுதான் ரோல்

இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. இந்த கேமில் ஓடுவதற்கும் ரோலுக்கும் ஒரே பட்டன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் பி, பிளேஸ்டேஷனில் வட்டம். அழுத்திப் பிடித்தால் ஓடும், தட்டி விட்டால் ரோல். நீங்கள் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பது பட்டனிலிருந்து விரல் எழும்பினால்தான் கேமுக்குத் தெரியும். ஆகவே ரோல் ஆரம்பிப்பது அழுத்தும்போது அல்ல, விடும்போது. பயத்தில் கட்டைவிரல் பட்டன் மேலேயே ஊன்றி நிற்பவர்களுக்கு ரோல் ஒவ்வொரு தடவையும் தாமதமாகத்தான் வரும். நகத்தால் சுண்டுவது போலத் தட்டி எடுங்கள். எதிரியே இல்லாத ஒரு கிரேஸ் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் இதை மட்டும் பழகினால், பாதிப் பேருக்கு மார்கிட் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு வியாதி, பட்டனை மூன்று நான்கு தடவை படபடவென்று தட்டுவது. ஒரு அசைவு முடிவதற்குள் தட்டிய தட்டை கேம் ஞாபகம் வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் நிறைவேற்றும். நீங்கள் கேட்காத இரண்டாவது ரோல் இப்படித்தான் வருகிறது, சாவதும் அந்த ரோலில்தான். ஒரு அடிக்கு ஒரு தட்டு. அதற்கு மேல் விரல் போகக்கூடாது.

டிவியில் விளையாடுபவர்கள் செட்டிங்ஸில் கேம் மோடு போடுங்கள், இல்லாவிட்டால் படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி கொஞ்ச நேரத்தைத் தின்றுவிடும். கன்ட்ரோலருக்கு ஒயர் போடுங்கள். ரிச்சி தெருவில் பழைய கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் அனலாக் குச்சியைவிட முதலில் அந்த ரோல் பட்டனைத்தான் தட்டிப் பார்க்கவேண்டும், அது தளர்ந்து போயிருக்கலாம். பிசியில் இந்த கேம் 60 ஃப்ரேமுக்கு மேல் ஓடாது, ஆகவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் கேட்டு அப்பாவை நச்சரிக்க இதைக் காரணம் காட்டாதீர்கள். அந்த 60 சீராக நிற்கவேண்டும், அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் வீட்டில் லேப்டாப் கொதித்தால் ஃப்ரேம் விழும், ஃப்ரேம் விழுந்தால் பழகிய கணக்கு தப்பும். மே மாதத்தில் நிழலையும் புல்லையும் குறைத்து வைத்து விளையாடுங்கள், இல்லையென்றால் ராத்திரி விளையாடுங்கள்.

மார்கிட்: தடியைப் பார்க்காதே

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதிக்கொண்ட வடசென்னையில் இதைப் புரியவைப்பது சுலபம். குத்துச்சண்டை கற்றுக்கொடுப்பவர்கள் கையுறையைப் பார்க்காதே, தோளைப் பார் என்பார்கள். மார்கிட்டிடமும் அதேதான். தடி மேலே போவது சும்மா. அதைத் தூக்கிப் பிடித்தபடி அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பான் போலத் தோன்றும், நம் கை அரிக்கும். தோள் கீழ்நோக்கித் திரும்புகிற அந்த நொடியில்தான் தட்டவேண்டும். ரோலில் அடி படாத நேரம் அரை நொடிக்கும் குறைவு, தடி மேலே நிற்கும்போதே அதைச் செலவழித்துவிட்டால் இறங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பின்னால் ரோல் அடிக்காதீர்கள். தடி நீளம், நீங்கள் போகும் இடத்துக்கு அதுவும் வரும். முன்னால், அடி வருகிற கைக்கு அடியில் புகுந்து அவன் முதுகுப் பக்கம் போங்கள். முதல் சில தடவை பயமாகத்தான் இருக்கும். அதற்கு நான் சொல்லும் வைத்தியம், ரூனையெல்லாம் லெவலில் செலவழித்துவிட்டு, காசில்லாத கையோடு உள்ளே போய், ஒரு அடிகூடக் கொடுக்காமல் சாகும்வரை வெறும் ரோல் மட்டும் அடிப்பது. திருப்பி அடிக்கும் ஆசை இல்லாதபோது கண் தானாகத் தோளுக்குப் போகும். பக்கத்திலேயே கேசில்வார்டு டனல் கிரேஸ் இருக்கிறது, திரும்பி வர நேரமாகாது.

மருந்து குடிக்கும் விஷயத்திலும் பொறுமை வேண்டும். தூரத்தில் நின்று சிவப்புக் குப்பியை எடுத்தால் அவன் அதைப் பார்த்துத்தான் ஒளிக்கத்தி எறிகிறான், தற்செயல் இல்லை. அவனுடைய நீண்ட அடிவரிசை ஒன்று முடிந்து, கடைசி அடியைத் தாண்டி நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது குடியுங்கள். உயிர் பாதி இருக்கும்போது குடிப்பதைவிட, பாதுகாப்பான இடைவெளி கிடைக்கும்போது குடிப்பது மேல்.

ஒரு இடைவெளிக்கு ஒரு அடி. இரண்டாவது அடி பேராசை. அடிப்பதையும் குதித்து அடியுங்கள், கனமான அடியாக. குதித்து விழும் கனமான அடி பாஸின் நிலையைச் சீக்கிரம் குலைக்கும், நிலை குலைந்து அவன் மண்டியிட்டால் மார்புக்கு நேரே நின்று ஒரு பெரிய குத்து குத்தலாம். கோட்டைக்குள் போனபிறகு கிளா டாலிஸ்மன் கிடைக்கும், குதித்து அடிப்பதே உங்கள் வழி என்றால் அதைக் கழற்றவே வேண்டாம்.

இத்தனைக்கும் பொறுமை இல்லை என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு. மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்ற பித்தலாட்டக்காரனைக் கொல்லாமல் விட்டால் கடை போடுவான். அவனிடம் 5000 ரூனுக்கு மார்கிட்டின் விலங்கு விற்பனைக்கு இருக்கும். சண்டையின் முதல் பாதியில் அதைப் பயன்படுத்தினால் மார்கிட் கொஞ்ச நேரம் தரையோடு கட்டுண்டு கிடப்பான். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் தோளைப் பார்க்கப் பழகாமல் விலங்கை வைத்துத் தாண்டியவன் கோட்டைக்குள் இருக்கும் அடுத்த பாஸ் கோட்ரிக் காலில் போய் விழுவான்.

ஸ்பிரிட் ஆஷ் கூப்பிடுவது கேவலம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கேமே கொடுத்தது, கூப்பிடுங்கள். ஒரே ஒருத்தியிடம் மட்டும் அது திரும்பிக் கடிக்கும்.

மலேனியா

மிக்கெலாவின் ஹேலிக்ட்ரீ அடியில் இருக்கும் மலேனியா உங்களை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் தன் உயிரை ஏற்றிக்கொள்வாள். கேடயத்தில் தடுத்தாலும் ஏறும். நீங்கள் கூட்டி வந்த ஆவியை அடித்தாலும் ஏறும். ஆகவே இங்கே வலிமை இல்லாத ஆவியைக் கூப்பிடுவது அவளுக்கு மருந்து வாங்கிக்கொடுப்பது. மிமிக் டியரோ டிஷேயோ நன்றாக ஏற்றி வைத்திருந்தால் கூப்பிடுங்கள், இல்லையென்றால் தனியாகப் போங்கள்.

மற்ற அடிகளைப் பழகிவிடலாம். எல்லோரும் சாவது வாட்டர்ஃபவுல் டான்ஸில். அவள் உயிர் முக்கால்வாசிக்குக் கீழே இறங்கியபிறகு இது வரும். காற்றில் எழும்பி, கத்தியை இழுத்துப் பிடித்து, ஒரு கணம் அப்படியே தொங்குவாள். அப்போது வரும் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள், கண்ணைவிடக் காது முந்தும். ஹெட்போன் போடுங்கள், ஜிஎன்டி ரோடு லாரி ஹாரனில் அது கேட்காது.

அவள் தொங்கும்போதே முதுகைக் காட்டி ஓடுங்கள், ரோல் இல்லை, ஓட்டம். முதல் சுழல் உங்களைத் தொடாமல் முடியும். இரண்டாவது சுழலுக்கு அவள் உங்களை நோக்கிப் பாய்வாள். இப்போது திரும்பி அவள் பக்கமே, அவளுக்கு அடியில் புகுவது போல ரோல் அடிக்கவேண்டும். மூன்றாவதுக்கும் அதே, முன்னால். கடைசியாக ஒரு வீச்சு வரும், அதற்கு ஒரு ரோல். ஓடு, உள்ளே, உள்ளே, ஒன்று. வாயால் சொல்லிக்கொண்டே விளையாடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சிக்கல் என்னவென்றால், அவள் எழும்பும்போது நீங்கள் மூக்குக்கு மூக்கு நின்றால் ஓட நேரம் இருக்காது. லாக்கை விட்டுவிட்டு அவளைச் சுற்றி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது, கேமரா சுவரில் மோதினால் கதை முடிந்தது. என் விதி, ஃப்ரீசிங் பாட் எப்போதும் விரைவு வரிசையில் முதலாவதாக இருக்கவேண்டும். தொங்குகிறவள் மேல் எறிந்து பனி நிரம்பிவிட்டால் நடனம் அங்கேயே அறுந்து கீழே விழுவாள். ஒரு தடவை பனி பிடித்தபிறகு அடுத்த தடவை நிரம்ப அதிகம் வேண்டும், அதனால் சும்மா எறிந்து வீணாக்காதீர்கள். பாட் இல்லை, கையில் நல்ல கேடயம் இருக்கிறது என்றால் முதல் சுழலைத் தடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கொஞ்சம் உயிர் ஏறும், நீங்கள் பிழைப்பீர்கள், மீதி இரண்டுக்கு அதே முன் ரோல்.

இரண்டாம் பாதியில் மேலிருந்து வந்து பூவாக வெடிப்பாள். விலகி ஓடி, பூ மலர்ந்து முடியும்வரை உள்ளே போகாமல் நில்லுங்கள், ஸ்கார்லெட் ராட் ஏறினால் மருந்து போதாது.

இதெல்லாம் ஆகாத காரியம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022-இல் தலையில் பானையை மட்டும் கவிழ்த்துக்கொண்டு, உடம்பில் சட்டைகூட இல்லாமல், இரண்டு வாளோடு மற்றவர்கள் ஆட்டத்துக்குள் போய் மலேனியாவை ஆயிரம் தடவைக்கு மேல் வீழ்த்திக்கொடுத்தார் 'லெட் மீ சோலோ ஹர்' என்ற பெயரில் ஒருவர். கேமை வெளியிட்ட பண்டாய் நாம்கோ அவருக்கு நிஜ வாளே அனுப்பிவைத்தது. அவருக்கு இருந்ததும் இதே ரோல்தான்.

கரண்ட் போனால், தண்ணி லாரி வந்தால்

இந்த கேமில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டன் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். தனியாக விளையாடும்போது உண்டு. மெனுவைத் திறந்து, சரக்குப் பட்டியலுக்குள் போய், உதவிப் பட்டனை அழுத்தி, மெனு விளக்கம் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். கீழே லாரி ஹாரன் அடித்து அம்மா குடத்தோடு கூப்பிட்டால் மலேனியா கத்தியை ஓங்கியபடி காத்திருப்பாள்.

கரண்ட் போனால் அதிகம் இழக்க மாட்டீர்கள், கேம் அடிக்கடி தானே சேமிக்கும். ஆனால் சேவை எழுதிக்கொண்டிருக்கும்போது பிசி பட்டென்று அணைந்தால் சேவ் ஃபைலே கெட்டுப்போகலாம். ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் எல்டன்ரிங் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். வாரம் ஒரு தடவை அதைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். மழைக்காலத்தில் தினம் எடுங்கள்.

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி. ரடானையும் மோகையும் முடித்தால்தான் கதவு திறக்கும், உள்ளே போனதும் உங்கள் லெவல் பெரிதாக உதவாது. அங்கே கிடைக்கும் ஸ்கேடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கி ஆசியை ஏற்றுங்கள், 20 வரை ஏறும். ஐந்தாறு ஏறும்வரை எந்தப் பெரிய பாஸ் வாசலையும் மிதிக்க வேண்டாம்.