கம்பி இணைந்தால் கட்டணம் குறையுமா?

"பக்கத்து நாட்டோடு மின்கம்பியை இணைத்துவிட்டால் நமது கரண்ட் பில் குறைந்துவிடும்" என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியை நோர்வே நாட்டின் அனுபவம் கற்றுத் தருகின்றது.

முதலில் ஓர் உதாரணம். தம்புள்ளையில் மரக்கறி மலிவு, கொழும்பில் விலை அதிகம் என்று வைத்துக்கொள்வோம். லொறிகள் ஓடினால் கொழும்பில் விலை இறங்கும், தம்புள்ளையில் ஏறும். லொறிகள் போதாவிட்டால் விலை வித்தியாசம் அப்படியே நிற்கும். அது லொறிக்காரரின் இலாபமாகும். மின்சாரமும் இப்படித்தான்.

நோர்வேயின் மின்சாரத்தில் சுமார் 90 வீதம் நீர்மின்சாரம். நாடு 5 விலை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2021இல் தென்பகுதியிலிருந்து ஜேர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் தலா 1400 மெகாவோட் கடலடிக் கேபிள்கள் இயங்கத் தொடங்கின. அதே காலத்தில் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது. 2022இல் தெற்கின் நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்தது. தெற்கில் மின்விலை பல மடங்கானது. வடக்கிலோ மலிவாகவே இருந்தது. வடக்கின் மின்சாரத்தைத் தெற்குக்குக் கொண்டுவர உள்நாட்டு மின்பாதை போதவில்லை.

2021 டிசெம்பர் முதல் வீடுகளுக்கு அரசாங்கம் கட்டண உதவி வழங்கியது. பேக்கரி, ஹோட்டல் போன்ற தொழில்கள் அந்தத் திட்டத்தில் அடங்கவில்லை. 2025 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சக்தி விதிகள் தொடர்பான கருத்து வேறுபாட்டால் கூட்டரசாங்கமே பிளவுபட்டது.

அதற்காக இணைப்பு தீயது என்று கூற முடியாது. மழை பொய்த்த ஆண்டில் அதே கேபிள் வழியாக மின்சாரம் உள்ளே வரும். ஜேர்மனியில் காற்று பலமாக வீசும்போது மலிவாகவும் வாங்கலாம்.

2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் மின்வலையமைப்பை இணைப்பது பற்றிப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துள்ளன. எனவே வியாபாரிகளாகிய நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று:

1. எந்த நேரத்தில் வாங்குவோம், எந்த நேரத்தில் விற்போம்?

2. விலை வித்தியாசத்தின் இலாபம் யாருக்கு? அது பாவனையாளரின் கட்டணத்தைக் குறைக்குமா?

3. வரும் மின்சாரத்தை எல்லா ஊர்களுக்கும் கொண்டுசெல்ல உள்நாட்டு மின்பாதை போதுமா?

சரக்கு வாங்குமுன் விலையை மட்டும் பார்ப்பவர் நல்ல வியாபாரி அல்லர். நிபந்தனையையும் பார்ப்பவரே நல்ல வியாபாரி.