‘ஆமாம், செய்தேன்’ என்று கட்சிக்காரரே சொல்லிவிட்டால்?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு கிரிமினல் வக்கீல் இருக்கிறார். கோயில் காரியம், பள்ளிக்கூடக் காரியம் எதிலும் முன்னால் நிற்கிற நல்ல மனிதர். இப்போது ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜராகிறார். செய்தது அவன்தான் என்று ஊருக்கே தெரியும். அவனே இவரிடம் ‘ஆமாம், செய்தேன்’ என்று சொல்லியிருந்தால்கூட வாதாடுவாரா? காசுக்காகத்தான் என்கிறார் என் கணவர்.
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் கணவர் சொல்வதைக் கடைசியில் பார்க்கலாம். கேள்வியின் கூர்மையெல்லாம் அந்த ‘அவனே சொல்லியிருந்தால்’ என்ற இடத்தில்தான். புதிதாகக் கறுப்புக் கோட்டு போட்டவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான்.

‘என் கட்சிக்காரர் நிரபராதி, யுவர் ஆனர்!’ என்று கூண்டைக் காட்டி முழங்குவதுதான் இந்த வக்கீலின் வேலை என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நிஜமான செஷன்ஸ் கோர்ட்டில், அதாவது கொலை மாதிரி பெரிய குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தில், அந்த வசனத்துக்கு வேலையே இல்லை. குற்றத்தை நிரூபிக்க வேண்டிய சுமை, சில விதிவிலக்குகள் போக, அரசுத் தரப்பின் தலையில். எதிர்த்தரப்பு வக்கீல் எதையும் நிரூபிக்க வேண்டாம். ‘நீங்கள் நிரூபித்துவிட்டீர்களா?’ என்று கேட்டால் போதும்.

எப்படிக் கேட்பார்? நம் ஊர் வழக்குகளில் அடிக்கடி வருகிற ஒரு காட்சி. எதிரியைப் பிடித்தோம், வாக்குமூலம் கொடுத்தார், அரிவாளைப் புதரிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்கிறது போலீஸ். (நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். தீர்ப்புக்கு முன்பே இப்படி ஒரு பெயர்!) போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது, அதில் பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும் செல்லும். ஆகவே அரிவாள்தான் வழக்கின் உயிர். அதைக் கைப்பற்றிய மகஜரில், அதாவது சம்பவ இடத்திலேயே எழுதப்படும் பட்டியலில், சாட்சிக் கையெழுத்து போட்டவர் கிராம நிர்வாக அலுவலர்.

குறுக்கு விசாரணை ஆரம்பிக்கிறது. “மகஜரில் எத்தனை மணிக்குக் கையெழுத்து போட்டீங்க?” “காலை பதினொன்றரை.” “அன்னிக்குத் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி. அங்கே பத்தரை மணிக்கு வருகைப் பதிவேட்டில் இருக்கிற கையெழுத்தும் உங்களுடையதுதானே?” “ஆமாம்.” “அங்கிருந்து அந்தப் புதர் எவ்வளவு தூரம்?” அவர் பதில் சொல்வதற்கு முன் அரசு வழக்கறிஞரை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் வழக்கு ஆடிப்போகும்.

இந்த மூன்று கேள்விகளில் ‘அவன் செய்யவில்லை’ என்று எங்காவது இருக்கிறதா, பாருங்கள். மகஜர் காவல் நிலைய மேசையில் எழுதப்பட்டதா, புதருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டதா என்பதுதான் விஷயம். கட்சிக்காரர் தனியாக என்ன சொல்லியிருந்தாலும் இந்தக் கேள்விகள் நேர்மையானவை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இரண்டு உதாரணங்கள் இருந்தன. ‘நான் பொய்ப் பத்திரம் தயாரித்தேன், எனக்காக வாதாடுங்கள்’ என்று ஒருவர் வக்கீலிடம் சொன்னால் அது ரகசியம். வெளியே சொல்லக் கூடாது. குற்றவாளி என்று தெரிந்தவருக்காக வாதாடுவது குற்றமல்ல என்று காரணத்தையும் அங்கேயே எழுதிவிட்டார்கள். ‘இந்தப் பொய்ப் பத்திரத்தை வைத்துச் சொத்தைப் பிடிக்க வழக்குப் போடுங்கள்’ என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கோடு அங்கேதான். உங்கள் தெரு வக்கீல் அரசின் சாட்சியைக் குடையலாம். பொய்ச் சாட்சியைத் தயார் செய்து கூண்டில் ஏற்றினால் அவரே எதிரி ஆகிவிடுவார். இந்திய பார் கவுன்சில், அதாவது வக்கீல்களின் ஒழுங்குமுறை அமைப்பு, இன்னும் ஒரு படி மேலே போகிறது: கட்சிக்காரர் குற்றவாளியா என்பதில் தன் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் அவருக்காக வாதாடுவது கடமை என்கிறது அதன் விதி.

‘ஊருக்கே தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நாட்டுக்கே தெரிந்திருந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம், அதாவது பயங்கரவாத வழக்குகளுக்கான தனி நீதிமன்றம், 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது, ஒருவர் பாக்கியில்லாமல். உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் என்.நடராஜன் ஆஜரானார். ஒவ்வொருவர் மீதும் இருந்த சாட்சியத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, 1999 மே மாதம் 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். நால்வரின் தூக்கு உறுதியானது, மூவருக்கு அது ஆயுளாகக் குறைந்தது. ‘இவர்களுக்கெல்லாம் எதற்கு வக்கீல்’ என்று அன்று எல்லாரும் ஒதுங்கியிருந்தால் அந்த 19 பேரும் அதே கயிற்றில்தான்.

வக்கீல்களுக்கே இது மறந்துபோவது உண்டு. கோவையில் போலீசாருக்கும் வக்கீல்களுக்கும் மோதல் வந்தபோது, வழக்கில் சிக்கிய போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லவே செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நாளெல்லாம் எதிரிகளைக் கூண்டில் நிறுத்தும் போலீஸ்காரருக்கும் ஒருநாள் அதே பாதுகாப்பு தேவைப்பட்டது.

‘வக்காலத்து’ என்பது வக்கீலுக்குக் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் அதிகாரப் பத்திரம், அவ்வளவுதான். பேச்சுவழக்கில் ‘அவனுக்கு வக்காலத்து வாங்குறியா?’ என்று அதைப் பரிந்துபேசுவதாக ஆக்கிவிட்டோம். உங்கள் கணவரின் கோபத்தில் பாதி இந்தச் சொல்லிலிருந்து வந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

மீதிப் பாதி, காசு. வக்கீல் ஃபீஸ் வாங்கத்தான் செய்வார், டாக்டர் வாங்குவதில்லையா? காசில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவர் வக்கீல் இல்லாமலே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். இலவச வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார் என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இன்று காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் அப்படியே, உங்களுக்கும்கூட. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.