பழைய வீடு வாங்குமுன் யாரைக் கொண்டு பார்ப்பது?



நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்ல என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்தச் செய்தியை விற்பவருக்கான எச்சரிக்கையாகவே கேட்டு வருகிறோம். வாங்குகிறவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மேலே தெரிவதோடு நின்றுவிடாமல் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

வீடு வாங்கும்போது பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். கட்டடத்தை மட்டும் அஸருக்குப் பிறகு அரைமணி நேரம் சுற்றிவந்து, "காற்றோட்டமா இருக்கு, பள்ளியும் பக்கத்துல" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். 40 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 3,60,000 ரூபாய் போய்விடும். கை காலியான அந்த நேரத்தில்தான் மழை வந்து தளம் ஒழுகும். பல வருடம் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த வீட்டுக்காகக் கடைசியில் நகையை அடகு வைத்து வட்டிக்குள் போய் விழுகிறவர்களை நாம் பார்க்கிறோம். இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

ஆகவே அட்வான்ஸுக்கு முன்பே, விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் மராமத்துச் செலவைக் கணக்கிட வேண்டும். அவர் யார்?

புரோக்கர் கூட்டிவரும் மேஸ்திரி வேண்டாம். கிரயம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் அழைத்து வந்தவர் வாய் திறந்து குறை சொல்வது கடினம். பிறகு அந்த வேலையை எடுத்துச் செய்யப்போகும் காண்ட்ராக்டர். இவர் செலவைக் கூட்டிச் சொல்வார் என்றுதான் பயப்படுகிறோம். குறைத்துச் சொல்வதே பெரிய ஆபத்து. "சின்ன வேலைதாம்மா, ரெண்டு லட்சத்துல முடிச்சிடலாம்" என்றால் நாம் வீட்டை வாங்கிவிடுவோம், வேலையும் அவருக்குக் கிடைக்கும். சுவரை உடைத்த பிறகு ஐந்து லட்சம் என்றால் பாதியில் நிறுத்த முடியுமா? சொந்தக்கார மேஸ்திரியும் சங்கடம்தான். கணக்குக் கேட்க வாய் வராது.

எனவே பார்ப்பவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வேலை உங்களுக்கு இல்லை, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கூலி" என்று முதலிலேயே சொல்லி, அந்தக் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழி. அதை அவருக்கு நினைவூட்டுவதிலும் தவறில்லை. உள்ளாட்சியில் பதிவு பெற்ற பொறியாளர் கிடைத்தால் நல்லது. அனுபவமுள்ள கொத்தனார் என்றால், அவர் புதிதாகக் கட்டிய வீட்டைப் போய்ப் பார்க்காதீர்கள். மராமத்துச் செய்து இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டிய வீட்டுக்குப் போய், அங்குள்ள பெண்களிடம் கேளுங்கள். ஒழுகுகிறதா இல்லையா என்று அவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிவாசல் தளத்தை யார் சரிசெய்தார் என்று முத்தவல்லியிடம் விசாரிக்கலாம். ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லும் பெயரைக் கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

அவர் எதைப் பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். நம்மைப் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் உப்பு மணலும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, காரையைத் தள்ளிவிடும். மேலே பூசி மறைத்த இடத்தைத் தட்டினால் சத்தம் பொள்ளலாகக் கேட்கும். பழைய மெட்ராஸ் தட்டோட்டு வீடுகளில் உத்திரம் நடுவில் நன்றாகவே இருக்கும்; சுவருக்குள் போகும் முனைதான் ஈரத்தில் உளுத்துப்போகும். திருப்புளியால் அங்கே குத்திப் பார்க்காதவர் வீட்டைப் பார்க்கவில்லை என்றே சொல்வோம். ஒரே ஓர் அறையில் மட்டும் புதுப் பெயிண்ட், சுவரோடு ஒட்டி நகர்த்தாமல் நிற்கும் பீரோ, இவற்றின் பின்னால் ஓதம் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பார்ப்பது சிறப்பு. கோடையில் என்றால், விற்பவரின் அனுமதியோடு மொட்டைமாடி நீர்ப்போக்கியை அடைத்து, சிறிதளவு தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் பார்க்கலாம். தளமே பலவீனமாகத் தெரிந்தால் இதைச் செய்யக் கூடாது. வயரிங், கழிவுநீர்த் தொட்டி இரண்டையும் அதற்குரியவர்களிடம் தனியாகக் காட்டுங்கள்.

கணவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சகோதரரோ மாமனாரோ கூடப் போய், குறிப்பு எழுதிக்கொள்ளட்டும்.

"மொத்தமா ஆறு லட்சம் ஆகும்" என்பது மதிப்பீடு ஆகாது. பூச்சு எத்தனை சதுர அடி, எத்தனை உத்திரம், பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பழைய கட்டடத்தில் உடைத்த பிறகு தெரிபவை உண்டு. வந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி வைப்பது நல்லது.

அந்தத் தாளைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்பது நம் உரிமை. ஆனால் விற்பவர் இத்தாவில் இருக்கும் பெண்ணாகவோ, கடனில் சிக்கியவராகவோ இருக்கும்போது, நான்கு லட்சத்தை எட்டு லட்சம் என்று எழுதச் சொல்லி விலையை உடைப்பதும் அதே ஈரத் தானியம்தான். கொத்தனார் எழுதிய அதே தாளை மடிக்காமல் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.