பாடம் 6: கடலுக்கு அக்கரையில் இருந்து வீட்டைத் திருத்துதல்

இந்தப் பாடம் இரு வகைக் குடும்பங்களுக்கு உரியது. ஒன்று, தமிழ்நாட்டு முகாமில் இருந்தபடி ஊர் வீட்டைத் திருத்த நினைக்கும் குடும்பம். மற்றையது, ஓரிருவர் முன்னதாகத் திரும்பி வந்து மற்றவர்களுக்காக வீட்டை ஒழுங்குசெய்யும் குடும்பம். 1990 இல் மன்னாரிலிருந்து படகேறிய பலருக்கு அந்த வீடு இப்போது நினைவில் மட்டுமே முழுதாக இருக்கிறது. சுவர் நிற்கலாம், கூரை இராது. அறைக்குள் ஆலங்கன்று வளர்ந்திருக்கலாம். ஆகவே நினைவை வைத்துத் திட்டம் போடாமல், இன்று அங்கே இருப்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

1. முதலில் காணி, பிறகு வீடு

ஒரு பை சீமெந்து வாங்க முன்னரே காணி யாருடைய பெயரில் உள்ளது என்று உறுதிப்படுத்துங்கள். உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவையும் நாடுங்கள். பதிவுசெய்யப்பட்ட உறுதியாயின் காணிப் பதிவகத்தில் அதன் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். தாய் தகப்பன் பெயரில் உள்ள காணியாயின், சகோதரங்கள் எல்லோரும் பேசி முடிவெடுத்த பின்னரே செலவு செய்யுங்கள். ஒருவர் திருத்திய வீட்டுக்கு நாளை நால்வர் பங்கு கேட்கும்போது காசும் போகும், உறவும் போகும்.

வீட்டில் வேறொரு குடும்பம் குடியிருந்தால் வேலை தொடங்க வேண்டாம். அவர்களும் இடம்பெயர்ந்து வந்தவர்களாக இருக்கலாம். நேரில் சண்டைக்குப் போகாமல் பிரதேச செயலகம், மத்தியஸ்த சபை, சட்ட உதவி ஆணைக்குழு ஆகியவற்றின் வழியாகப் பேசுங்கள்.

திருத்த வேலையை மேற்பார்வை செய்ய உறவினருக்கு ஒரு கடிதம் போதும். காணி அலுவல்களுக்காக அற்றோணித் தத்துவப் பத்திரம் கொடுப்பதாயின், எந்த வேலைக்கு மட்டும் என்று அதில் எழுதுவியுங்கள். காணியை விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் கொடுக்க வேண்டியதில்லை. வாசித்து விளங்காத பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம்.

2. வீட்டைப் பார்க்கப் போகும் நாள்

தனியே போகாதீர்கள். கிராம அலுவலரிடம் கேட்டு, கண்ணிவெடி அகற்றி முடித்த இடமா என்று அறிந்த பின் போங்கள். சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் வைக்க வேண்டாம். பற்றை வெட்டும்போதோ கிணறு இறைக்கும்போதோ சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்கு (119) அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைப்பது மிக ஆபத்தானது.

பின்வருவனவற்றைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்:

• அத்திவாரம்: எங்காவது தாழ்ந்துள்ளதா? மர வேர் உள்ளே போயுள்ளதா?
• சுவர்: மயிர் அளவான வெடிப்பு பூச்சில் மட்டும் இருக்கலாம். விரல் நுழையும் அளவான வெடிப்பு, யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு, சரிந்து நிற்கும் சுவர் ஆகியவற்றைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். சில வாரங்களில் அது கோட்டைத் தாண்டினால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள்.
• பூச்சு: சிறு சுத்தியலால் தட்டுங்கள். வெற்றொலி கேட்கும் இடத்தில் பூச்சு கழன்றுள்ளது.
• கூரை மரம்: கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கறையான் அரித்த சிலாகை வெளியே நன்றாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும்.
• பழைய அஸ்பெஸ்டஸ் தகடு: உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, முழுத் தகடாகவே இறக்குவியுங்கள்.
• கிணறு: இறைத்துத் துப்புரவாக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பின்னரே குடிக்கப் பயன்படுத்துங்கள்.

3. எதை முதலில் செய்வது?

கையில் உள்ள காசு முழு வீட்டுக்கும் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒழுங்கு இப்படி அமையட்டும்: பாதுகாப்பான நீர், மலசலகூடம், பூட்டக்கூடிய ஓர் அறை, அதற்கு மேல் ஒழுகாத கூரை. இந்த நான்கும் முடிந்தால் குடும்பம் வந்து தங்கலாம். விறாந்தை, நிலத்துக்கு மாபிள், வெளிப்பூச்சு எல்லாம் பிறகு.

2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் வழங்கப்பட்டது. குடும்பங்களே வேலையைப் பொறுப்பேற்று நடத்தின. பல வீடுகள் நன்றாக நிறைவேறின. ஆனால், பிள்ளைகளுக்கு இன்னோர் அறை வேண்டுமென்று ஆசையோடு அத்திவாரத்தைப் பெரிதாக்கியவர்களில் பலர் நகை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கடன்பட்டார்கள். அத்திவாரம் போட்ட பின் வீட்டைச் சிறிதாக்க முடியாது. சிறிதாகத் தொடங்கி, பின்னர் கூட்டக்கூடிய திட்டமே நல்லது.

4. கணக்குப் போடுதல்

முகாமில் இருந்து இந்திய ரூபாயில் நினைத்த தொகை இங்கே வேறாக இருக்கும். நாணய மாற்று விகிதமும் மாறும், பொருள் விலையும் மாறும். 2022 நெருக்கடியின்போது ஒரு பை சீமெந்தின் விலை ஒரே ஆண்டுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பாமல், உங்கள் ஊர்ப் பக்கத்து இரண்டு அல்லது மூன்று கடைகளில் அந்த வாரத்து விலையை எழுதி வாங்குங்கள். ஏற்றுகூலியையும் கேளுங்கள்.

அளவை நீங்களே சரிபார்க்கலாம். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்ட சீமெந்துக் கல்லாயின், 10 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட சுவருக்கு ஏறக்குறைய 112 கல் வேண்டும். உடைவுக்கு ஐந்தாறு கூட்டி 118 என்று வையுங்கள். கதவு, யன்னல் வரும் இடத்தைக் கழித்துவிடுங்கள். மேசன் 200 கல் கேட்டால் ஏன் என்று கேட்கலாம்.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது தொடாமல் ஒதுக்குங்கள். பழைய சுவரைத் தட்டும்போதுதான் உள்ளே உள்ள பழுது வெளியே வரும்.

5. தூரத்திலிருந்து மேற்பார்வை செய்தல்

இங்கேதான் மிகுதியான மனத்தாங்கல் வருகிறது. "சொந்தத் தம்பியிடம் கணக்குக் கேட்பதா?" என்று அக்கா தயங்குவார். "என்னை நம்பவில்லையா?" என்று தம்பி நோவார். கணக்கு என்பது சந்தேகத்துக்காக அல்ல, கணக்கு வைத்திருப்பவரின் நற்பெயரைக் காப்பதற்காகவே என்பதை வேலை தொடங்க முன்னரே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். வேலையைப் பார்க்கும் உறவினரின் பஸ் காசு, தொலைபேசிச் செலவு, கூலி இழக்கும் நாள் ஆகியவற்றையும் செலவில் சேருங்கள். இலவசமாகச் செய்யச் சொன்ன வேலையில் குறை கேட்பது கடினம்.

• பொருளுக்கான காசைக் கடைக்கே செலுத்தி, உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குவியுங்கள். மேசனுக்குக் கூலி மட்டும்.
• கொந்தராத்தைச் சிறிய தாளிலாவது எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை நாள், பொருள் யாருடையது.
• கூலியை வேலை முடியும் கட்டத்துக்கு ஏற்பக் கொடுங்கள். உதாரணமாக, 200,000 ரூபா கூலியாயின்: தொடங்கும்போது 40,000, சுவர் வேலை முடிந்ததும் 60,000, கூரை ஏறியதும் 60,000, பூச்சும் கதவும் முடிந்ததும் 20,000, முதல் பெருமழையில் ஒழுகவில்லை என்று கண்ட பின் மிகுதி 20,000.
• மூடப்படும் வேலையை மூட முன்னரே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: அத்திவாரக் கிடங்கு, கொங்கிறீட்டுக்குள் வைத்த கம்பி, மின்வயர்க் குழாய். கம்பியின் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்தால் தடிப்பும் இடைவெளியும் தெரியும்.
• கொங்கிறீட்டுக்கு உவர்நீரோ கடல் மணலோ வேண்டாம். உப்பு உள்ளே உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். இறுகிய கொங்கிறீட்டைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதையும் முடிவுசெய்யுங்கள்.

6. காலத்தைப் பார்த்துச் செய்தல்

வடக்கு, கிழக்கில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். மாசியில் சுவர் வேலையைத் தொடங்கினால் கூரைக்குப் போதிய நாள் இருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தகரத்தையோ கூரைத்தகட்டையோ பாதி பூட்டியபடி விட வேண்டாம். புரட்டாதிக்குள் கூரை முடியாது என்று தெரிந்தால் சீமெந்தை முன்கூட்டியே வாங்கி அடுக்காதீர்கள். ஈரம் பட்ட சீமெந்து கட்டிபட்டுப் போகும். வைத்திருக்க வேண்டி வந்தால் நிலத்தில் அல்லாமல், பலகைக்கு மேல் சுவரில் முட்டாமல் அடுக்கி மூடுங்கள்.

பிள்ளைகளின் படிப்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கூரை ஏறும் மாதமும் பாடசாலையில் சேரும் மாதமும் பொருந்தினால், குடும்பம் உறவினர் வீட்டில் தங்கவேண்டிய நாட்கள் குறையும்.

குடும்பமாகச் செய்துபாருங்கள்

எல்லோரும் ஒன்றாக இருந்து கீழுள்ளவற்றுக்கு விடை எழுதுங்கள். வீட்டில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் கேளுங்கள்.

1. காணி யாருடைய பெயரில் உள்ளது? அதற்கான பத்திரம் எங்கே?
2. வந்து தங்க ஆகக் குறைந்தது எவை வேண்டும்?
3. கையில் உள்ள காசு எவ்வளவு? அதில் ஒதுக்கிவைப்பது எவ்வளவு?
4. ஊரில் காசை வைத்திருப்பவர் யார்? வேலையைப் பார்ப்பவர் யார்? இருவரும் வெவ்வேறு ஆட்களா?
5. காசு நடுவில் முடிந்தால் எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தலாம்?

ஐந்தாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை முதல் முற்பணத்தைக் கொடுக்க வேண்டாம். விடைகள் எழுதிய தாளை அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.