ஓடு சொல்லும் உணவுப் பாடம்

சரிவிகித உணவு என்றால் என்ன என்று கேட்டால், கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்புகள் என்று மாணவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். 'உணவு மாறினால் உடலில் என்ன மாறும்?' என்ற கேள்விக்கு மட்டும் 'எடை கூடும்' என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. எடை கூடுவது வேறு, ஊட்டம் பெறுவது வேறு என்பதை விளக்க நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் உயிரி, அபலோன் என்னும் கடல் நத்தை.

காதுமடல் வடிவில் ஒற்றை ஓடு கொண்ட மெல்லுடலி இது. பாறையில் ஒட்டிக்கொண்டு, அரம் போன்ற நாக்கால் பாசியைச் சுரண்டித் தின்னும். தென்கொரியாவின் வாண்டோ தீவுப் பகுதியில் கடலில் மிதக்கும் கூண்டுகளில் இதை வளர்க்கிறார்கள். விற்பனை அளவை எட்ட ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும். எனவே என்ன உணவு கொடுப்பது என்பது வளர்ப்போரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் கேள்வி.

வளர்ச்சி

முட்டையிலிருந்து வரும் இளவுயிரி முதல் சில நாள்கள் கருவுணவை மட்டுமே நம்பி நீந்துகிறது. பிறகு ஒரு பரப்பில் ஒட்டி, டயட்டம் என்னும் நுண்பாசிகளை மேய்கிறது. அதன் பின்னரே பெரிய கடற்பாசிகளைத் தின்னும்.

கெல்ப் என்னும் பழுப்புப் பாசி எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் உலர் எடையில் புரதம் 10 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மீன்தூள், சோயா, பாசித்தூள் சேர்த்த தயாரிப்புத் தீவனத்தில் 30 விழுக்காடு அளவில் புரதம் உண்டு. ஒரே பாசியைத் தருவதைவிடப் பல பாசிகளைக் கலந்து தரும்போது பொதுவாக நல்ல வளர்ச்சி கிடைக்கிறது. தென்னாப்பிரிக்கப் பண்ணைகள் சிலவற்றில் அபலோன் தொட்டிக் கழிவுநீரிலேயே உல்வா என்னும் பச்சைப் பாசியை வளர்க்கிறார்கள். கழிவிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் அந்தப் பாசியில் புரதம் கூடுகிறது. அது மீண்டும் தீவனமாகிறது. நைட்ரஜன் சுழற்சிப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

தரம்

வேகமாக வளர்ந்த நத்தைதான் சத்துள்ளது என்று சொல்லிவிட முடியாது. தீவனத்தில் உள்ள கொழுப்பின் வகை தசையிலும் பதிகிறது. தாவர எண்ணெய் மிகுந்த தீவனம் தின்றால் ஒமேகா-6 வகை கூடும். பாசியிலிருந்து கிடைக்கும் ஒமேகா-3 வகை அதன் தசையிலும் சேரும்.

ஓடும் இதைக் காட்டுகிறது. கலிபோர்னியாவின் சிவப்பு அபலோன், சிவப்புப் பாசி தின்றால் செந்நிற ஓட்டை உருவாக்கும். கெல்ப் மட்டும் தின்றால் புதிதாக வளரும் ஓடு வெளிறிவிடும். உணவை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஓட்டில் பட்டை பட்டையாக நிறம் படியும். கரும்பலகையில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு எனப் பட்டைகள் வரைந்து, 'இது எப்போது எதைத் தின்றிருக்கும்?' என்று கேளுங்கள். பழைய பட்டை எது, புதிய பட்டை எது என்ற விவாதம் தானாகவே தொடங்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

மழைக்காலத்தில் தோட்டத்தில் கிடைக்கும் சிறு நத்தைகளை, மூடியில் துளையிட்ட இரண்டு பெட்டிகளில் ஈரமண் இட்டு வையுங்கள். இரண்டிலும் எண்ணிக்கை, அளவு, ஈரம் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் கேரட், மற்றொன்றில் கீரை மட்டும் வையுங்கள். ஓரிரு நாளில் எச்சத்தின் நிறம் வேறுபடும். எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, எதைக் கவனித்தோம் என்று மூன்று வரிசைகளில் மாணவர்கள் பதிவு செய்யட்டும்.

எச்சரிக்கை: ஆப்பிரிக்கப் பெருநத்தையைப் பயன்படுத்த வேண்டாம். நத்தைகள் ஒட்டுண்ணிகளைச் சுமக்கக்கூடும் என்பதால் ஆசிரியரே கையுறையுடன் கையாள வேண்டும். முடிவில் அனைவரும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

மதிப்பீடு

நம் பதிவேட்டில் உயரமும் எடையும் இருக்கின்றன. இரத்தசோகை அந்த இரண்டு எண்களில் தெரிவதில்லை. ஆகவே இறுதியில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 'ஒரே எடையுள்ள இருவர் ஒரே அளவு ஊட்டம் பெற்றவர்கள்தானா? எப்படி அறிவாய்?' வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை எதற்கு என்பதை மாணவர்களே இந்தக் கேள்வி வழியாகச் சொல்லிவிட்டால், கற்றல் விளைவு எட்டப்பட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.