ஸ்ட்ரோபெரியும் நெய்தல் நிலத்து வீட்டுத் தோட்டமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். மரமும் பூவும் புள்ளும் தொழிலும் அவற்றின்வழித் தோன்றுங் கருப்பொருள்கள். அகத்திணைக்கென வகுத்த இப்பாகுபாட்டை மாணவர் பலர் பரீட்சைக்கெனப் பயின்று, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஆயின், வீட்டு வளவில் ஒரு செடியை நடப் புகுவார்க்கு இதனினும் பயனுள்ள பாடம் பிறிதில்லை. விஞ்ஞானத்திற் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள் யாழ்நூல் இயற்றியருளிய மரபில் வந்த நாம், தமிழையும் பயிர்நூலையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் புதுமையுமன்று.

எம்மூர்ச் சிறுவர் இக்காலத்திற் பெரிதும் விரும்பும் பழங்களுள் ஒன்று ஸ்ட்ரோபெரி. படத்திலும் ஐஸ்கிறீமிலும் அதனைக் கண்டவர்கள், செடி வாங்கித் தருமாறு பெற்றோரை வேண்டுகின்றனர். மலைநாட்டிலிருந்து வரும் நாற்று மாரியிற் பசுமையாய் நிற்கும். சித்திரை வெயிலிற் கருகும். செலவான பணம் சிறிய இழப்பே. “எங்கள் மண்ணில் ஒன்றும் விளையாது” என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றுவதே பேரிழப்பு. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியில் தென்னைகளையும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையிற் கிணற்று நன்னீரையும் இழந்து, மீண்டும் வளவுகளைப் பசுமையாக்கியவர்கள் எம்மக்கள். அவர்தம் பிள்ளைகள் அவ்வாறு எண்ணுதல் தகாது. ஆதலின் இச்செடி வாடுவதன் காரணத்தை ஆராய்வோம்.

செடியின் வரலாறும் இயல்பும்

இன்று உலகெங்கும் தோட்டங்களிற் பயிராகும் ஸ்ட்ரோபெரி, எக்காட்டிலும் இயல்பாய்த் தோன்றியதன்று. 1714 ஆம் ஆண்டிற் பிரேசியே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரும்பழச் செடிகள் சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்தார். அவை பெண் செடிகள். பூத்தனவாயினும் தாமாகக் காய்க்கவில்லை. வடவமெரிக்காவின் வேர்ஜீனிய இனத்தை அருகில் நட்டபின்னரே மகரந்தம் பெற்றுக் காய்த்தன. அவ்விரு இனங்களின் கலப்பே புதிய செடி என்பதைத் துஷேன் என்னும் அறிஞர் 1766 இல் எடுத்துக்காட்டினார்.

ஸ்ட்ரோபெரி ரோசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தோடு ஒட்டி வளர்வது. அதன் வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 சென்றிமீற்றருள் அடங்கிவிடும். தாய்ச்செடியினின்று நிலத்தின்மேல் ஓடுந் தண்டு, கணுவில் வேர்விட்டுச் சேய்ச்செடியாகும். வல்லாரை படர்வதைக் கண்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

விதையை வெளியே சுமக்கும் பழம்

நாம் சுவைக்கும் செந்நிறச் சதை, தாவரவியலார் கருத்துப்படி மெய்க்கனியன்று. பூவின் அடித்தளம் பருத்து உருவான பொய்க்கனி. அதன் மேற்பரப்பிற் சிறுமணிகளாகத் தோன்றுவனவே மெய்க்கனிகள். ஒவ்வொரு மணியும் கருக்கொண்டாலன்றி, அதனைச் சூழ்ந்த சதை பருக்காது. தேனீ வராத பூ கோணற் பழமாவது இதனாலேயே.

இதற்கு நெருங்கிய உவமை எம் நிலத்திலேயே உண்டு. வாகரைப் பக்கத்து மணற்பரப்பிற் காய்க்கும் மரமுந்திரிகையைக் காண்க. நாம் பழமெனக் கொள்ளுவது பருத்த காம்பு. அதன் நுனியில் தொங்குங் கொட்டையே மெய்க்கனி. இரண்டும் பொய்க்கனிகள்; இரண்டும் அமெரிக்கக் கண்டத்து வழிவந்தவை. ஒன்று இங்கே காடுபோற் செழிக்கிறது. மற்றொன்று சட்டியிலும் வாடுகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

நிலமும் பொழுதும்

ஈழத்தில் ஸ்ட்ரோபெரிக்கு உரிய இடம் நுவரெலியா. 1,800 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வுயரத்திற் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை செல்சியசு. இந்தியாவில் மகாராட்டிரத்து மகாபலேசுவரமும் தமிழகத்து உதகை, கொடைக்கானல் ஆகியனவும் மலையிடங்களே. எனவே, திணைவகையால் இது குறிஞ்சிப் பயிர். மட்டக்களப்பு வாவிக்கரையோ நெய்தல். சராசரி வெப்பம் 27 பாகையளவில் நிற்பது. பொதுவாகக் குளிர்ந்த இரவும் குறுகிய பகலும் வாய்த்தபோதே இச்செடி பூவரும்பு கொள்ளும். எம் நாட்டிற் பகல் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே அமைவதால் பகலளவு தடையன்று. தடையாவது இரவின் வெப்பமே.

இங்கே ஓர் உண்மையை உற்று நோக்குக. மலையில் வளர்ந்த நாற்று, அங்கேயே அரும்புகளைக் கருக்கொண்டு வருகிறது. நட்ட சில கிழமைகளிற் காய்க்கும் பழங்கள் எம் தோட்டத்தின் விளைவல்ல, மலைக்குளிரின் விளைவு. அதனைக் கண்டு மகிழ்ந்தவர், அடுத்த பூ வராமை கண்டு தம் கைராசியை நோவர்.

மற்றொரு தடை உவர்ப்பு. ஸ்ட்ரோபெரி உவர்நீரைச் சற்றும் பொறாத பயிர்களுள் ஒன்று. வாவியோரக் கிணறுகளின் நீர், கோடை முதிர முதிர உவர்க்கும். கச்சான் காற்று வீசுங் காலத்தில் மணலின் ஈரமும் மேலோடிய வேரின் ஈரமும் ஒருங்கே வற்றும். இலையின் ஓரம் கருகுவது பெரும்பாலும் இவ்விரண்டன் அறிகுறியேயாம்.

முயல விரும்புவோர்க்கு

இவ்வளவும் அறிந்த பின்னரும் செடியின் இயல்பைக் கற்கும்பொருட்டு வளர்க்க விரும்புவோர் பின்வருமாறு செய்க.

1. பெருமழை தணியும் மார்கழி, தை மாதங்களில் நடுக. கூரைத்தாழ்வாரத்தின் ஓரம் நன்று. காலை வெயில் படவும் பிற்பகல் நிழல் விழவும் வேண்டும்.

2. 20 சென்றிமீற்றர் ஆழமான மண்சட்டி போதும். அடியில் துளைகள் இருத்தல் வேண்டும். மக்கிய சாணப் பசளை, மணல், தும்புத்தூள் என்பவற்றைக் கலந்து நிரப்புக. தும்புத்தூளை நன்னீரில் இருமுறை ஊறவைத்துப் பிழிந்து உவர் நீக்குக.

3. செடியின் குருத்து மண்மட்டத்தோடு நிற்கட்டும். புதைந்தால் அழுகும், மேலெழுந்தால் வேர் காயும்.

4. மழைநீரைச் சேமித்து வார்க்க. மண்ணின்மேல் வைக்கோல் பரப்பினால் ஈரங் காக்கும். பழமும் மண்ணிற் படாது.

5. பூ விரிந்தபின் மெல்லிய தூரிகையால் அதனைச் சுற்றித் தடவுக. நன்கு சிவந்த பின்னரே பறிக்க. பறித்தபின் இப்பழம் மேலும் இனிமை பெறாது.

பங்குனிக்குப்பின் செடி தளருமாயின் அதனைத் தோல்வியெனக் கொள்ளற்க. அது தன் முதற்பொருளை இழந்த கருப்பொருளின் இயல்பு.

எமது நிலத்துக்குரியவை

ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்குரியனவாகக் கொள்ளலாம் எனத் தொல்காப்பியர் இடந்தருகின்றார். செய்யுளில் அது புலவன் உரிமை. தோட்டத்திலோ அவ்வுரிமையை வழங்குவது மண்ணே. போர்த்துக்கீசர் வழியாகக் கீழைநாடுகளுக்கு வந்த மரமுந்திரிகைக்கு எம் மணல் அதனை வழங்கிற்று. கொய்யாவுக்கும் பப்பாசிக்கும் அன்னமுன்னாவுக்கும் வழங்கிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இவற்றை இன்று எவரும் அந்நியமெனக் கருதுவதில்லை.

பயனை நோக்கினும் நாம் இழப்பது ஒன்றுமில்லை. 100 கிராம் ஸ்ட்ரோபெரியில் உயிர்ச்சத்து ‘சி’ ஏறத்தாழ 59 மில்லிகிராம். அதே அளவு கொய்யாவில் ஏறத்தாழ 228 மில்லிகிராம். பெருவிலை கொடுத்து வாங்கும் பழத்தினும் வேலியோரத்துக் கொய்யா ஏறக்குறைய நான்கு மடங்கு வளமுடையது. சற்று உவர்த்த மண்ணையும் பொறுக்கும் மாதுளை, செந்நிறமும் அழகும் விரும்புவார்க்கு ஏற்றது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறி முடிப்பாம். உங்கள் வீட்டுக் கிணற்று நீரின் சுவையை மாதந்தோறும் அறிந்து எழுதுங்கள். காலை, நண்பகல், இரவு வெப்பத்தைக் குறித்து வையுங்கள். வளவில் நன்கு காய்ப்பவை எவை, வாடுபவை எவை என்று பட்டியலிடுங்கள். ஓராண்டு முடிவில் உங்கள் வளவின் முதற்பொருள் உங்கள் கையெழுத்திலேயே விளங்கும். அதன்பின் எச்செடியை வாங்கலாம், எதனைத் தவிர்க்கலாம் என்பதைப் பிறர் கூறவேண்டியதில்லை. தொலைவில் வாழும் பழைய மாணவர்கள் ஊர் வரும்போது பிள்ளைகளுக்குச் செடியொன்று பரிசளிக்க விரும்பின், முதலில் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக.