விரல்கள் தடுமாறினால் கழுத்தையும் கவனியுங்கள்

சட்டைப் பொத்தானைப் போட இப்போதெல்லாம் அதிக நேரம் பிடிக்கிறதா? பூத் தொடுக்கும்போது நார் விரலில் நிற்காமல் நழுவுகிறதா? காப்பிக் கடையில் சில்லறை கொடுக்கும்போது நாணயங்கள் கீழே விழுகின்றனவா?

“வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், கோளாறு கையில் இல்லாமல் கழுத்தில் இருக்கவும் கூடும். கழுத்தில் வலியே இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். ஏன் என்று புரிந்துகொள்ள, கை எப்படி அசைகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

கையை அசைப்பது யார்?

மூளை என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். அது பாதி விடைதான். மூளையிலிருந்து ஒரு நரம்பிழைகூட நேராகக் கைத் தசைக்குச் செல்வதில்லை. மூளையின் கட்டளை, முதுகெலும்புக்குள் பத்திரமாக இருக்கும் தண்டுவடத்திற்கு இறங்கி வருகிறது. அங்குள்ள இயக்க நரம்பணுக்கள் அதைப் பெற்றுத் தசைகளுக்கு அனுப்புகின்றன.

பெரியவர்களின் தண்டுவடம் ஏறத்தாழ 45 செண்டிமீட்டர் நீளமுள்ளது. பருமனோ சுண்டுவிரல் அளவுதான். கைகளுக்கான நரம்பணுக்கள் கழுத்துப் பகுதியில் கூடியிருப்பதால், அங்கே தண்டுவடம் சற்றுப் பருத்துக் காணப்படும். அவை மேலிருந்து கீழாக ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன. கழுத்தின் ஆறாம் நரம்பு மட்டம் மணிக்கட்டை மேலே தூக்குகிறது, ஏழாவது முழங்கையை நீட்டுகிறது, எட்டாவது விரல்களை மடக்குகிறது. அதற்கடுத்து, மார்புப் பகுதியின் முதல் மட்டம் விரல்களை அகட்டுகிறது. எந்த அசைவு குறைந்திருக்கிறது என்று பார்த்தே, கோளாறு எந்த மட்டத்தில் இருக்கலாம் என மருத்துவர் ஊகிப்பது இதனால்தான்.

ஓர் இயக்க நரம்பணு ஆணையிட்டால், அதனுடன் இணைந்த தசையிழைகள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கும். கெண்டைக்காலில் ஒரே நரம்பணு ஆயிரத்துக்கும் அதிகமான இழைகளை இயக்குகிறது. கையின் சிறிய தசைகளில் அந்த எண்ணிக்கை நூறு அல்லது சில நூறுதான். விரல்களால் நுணுக்கமான வேலைகளைச் செய்ய முடிவதற்கு இது ஒரு காரணம். மேலும், சிறிய நரம்பணுக்கள் முதலில் செயல்படும். விசை கூடக்கூடப் பெரியவை சேர்ந்துகொள்ளும். அப்பளத்தை உடையாமல் எடுப்பதும் அரிசி மூட்டையைத் தூக்குவதும் அதே கைதான். எந்த நரம்பணு எப்போது சேர வேண்டும் என்று மூளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

தண்டுவடம் வெறும் கம்பி அல்ல

தண்டுவடத்தை மின்கம்பிக்கு ஒப்பிடுவது வழக்கம். நினைவில் வைக்க எளிது என்றாலும் அது சரியான ஒப்பீடு அல்ல. மூளையின் கட்டளைகளில் பெரும்பகுதி, இயக்க நரம்பணுவை அடையும் முன் இடைநரம்பணுக்கள் என்னும் சிறு நரம்பணுக்களிடம் வந்து சேர்கிறது. தோலிலிருந்தும் தசைகளிலிருந்தும் வரும் செய்திகளும் அவற்றை அடைகின்றன. இரண்டையும் சேர்த்து, எந்தத் தசை சுருங்க வேண்டும், எது தளர வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், “சுடுகிறது” என்று நீங்கள் உணரும் முன்பே கை விலகிவிடுகிறது. அது தண்டுவடத்தின் வேலை. அதே சமயம், நிரம்பிய தே தாரேக் கோப்பை கையைச் சுட்டால் அதைக் கீழே போடுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேசைவரை கொண்டுபோய் வைக்கிறீர்கள். கை விலகத் துடித்தாலும், மூளை மேலிருந்து அதை அடக்கி வைக்கிறது. நம் விருப்பப்படி நடக்கும் அசைவு என்பது, மூளையும் தண்டுவடமும் இப்படி ஒன்றையொன்று அனுசரித்துச் செய்யும் வேலை.

1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மணிக்கட்டை அசைக்கப் பழக்கப்பட்ட குரங்குகள், “இப்போது அசை” என்னும் சைகைக்காகக் காத்திருந்தன. கை இன்னும் அசையவில்லை. ஆயினும் தண்டுவடத்தின் இடைநரம்பணுக்கள் பலவற்றில் அதற்குள் மாற்றம் தொடங்கிவிட்டது. ஆயத்தம் மூளையில் மட்டும் நடக்கவில்லை.

விரல்களைத் தனித்தனியே அசைப்பதற்கு மட்டும் ஒரு சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. மனிதர்களிடமும் சில குரங்கினங்களிடமும், மூளையின் இழைகள் சில இடைநரம்பணுக்களைக் கடந்து இயக்க நரம்பணுக்களையே நேராகத் தொடுகின்றன. மூளையிலிருந்து இறங்கும் இந்தப் பாதை இரு பக்கமும் துண்டிக்கப்பட்ட குரங்குகள், பிறகு நடந்தன, ஏறின, பொருள்களையும் பற்றின. ஆனால், விரல்களைத் தனித்தனியே அசைக்க அவற்றால் முடியவில்லை. இது 1968இலேயே அறியப்பட்ட செய்தி. கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்படும்போது, பலருக்கும் கையின் வலிமைக்கு முன்னால் அதன் நுட்பம் குறைகிறது. மூட்டையைத் தூக்க முடியும். பொத்தானைப் போடத்தான் முடியாது.

அழுத்தம் எப்படி ஏற்படுகிறது?

வயது கூடும்போது, கழுத்தெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டுகள் வறண்டு பிதுங்கலாம். எலும்பின் ஓரங்கள் முள்போல வளரலாம். தசைநார்கள் தடிக்கலாம். தண்டுவடம் இருக்கும் குழாய் இவற்றால் குறுகிவிடுகிறது. தசைநாரே எலும்பாக மாறும் ஒரு நிலையும் உண்டு. அது கிழக்காசிய மக்களிடையே அதிகம் காணப்படுகிறது.

இந்த மாற்றங்கள் மெதுவாக நடப்பவை. அதனால் பலர் தங்களை அறியாமலே பழக்கங்களை மாற்றிக்கொள்கிறார்கள். பொத்தான் வைத்த சட்டைக்குப் பதில் டீ-சட்டை, பேனாவுக்குப் பதில் கைத்தொலைபேசி, கையால் பிசைந்து உண்பதற்குப் பதில் கரண்டி. வீட்டில் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் முதலில் கவனிப்பார்கள். உங்கள் தாயாரோ தந்தையாரோ இப்படி மாறியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இதை மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துடன் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அதில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் தூக்கம் கலையும். கையை உதறினால் சற்றுத் தேவலை. கழுத்துக் கோளாறில் பெரும்பாலும் இரு கைகளும் பாதிக்கப்படுகின்றன. கால்களும் விறைப்பாக இருக்கலாம், இருட்டில் நடை தள்ளாடலாம். கழுத்தைக் குனிந்தால் முதுகுவழியே மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கலாம். சிறுநீரை அடக்குவது கடினமாகலாம். கையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தால், மருத்துவருக்கு இந்த மற்றப் பாதி தெரியாமலே போகும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று

கையை முன்னே நீட்டி, விரல்களை முழுமையாக மடக்கி முழுமையாக விரியுங்கள். 10 வினாடிகளில் எத்தனை முறை செய்ய முடிகிறது என்று எண்ணுங்கள். சாதாரணமாக ஏறத்தாழ 20 முறை செய்ய முடியும். பிறகு, விரல்களைச் சேர்த்து நீட்டி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். சுண்டுவிரல் தானாக விலகிச் செல்கிறதா என்று பாருங்கள். முதுமையிலும் மூட்டுவலியிலும் எண்ணிக்கை குறையலாம். ஆகவே இது நோயை உறுதிப்படுத்தும் சோதனை அல்ல. எண்ணிக்கை மிகவும் குறைவாக இருந்தாலோ சுண்டுவிரல் விலகினாலோ, குடும்ப மருத்துவரை அல்லது பலதுறை மருந்தகத்தை நாடுங்கள்.

மருத்துவர் அனிச்சைச் செயல்களையும் நடையையும் சோதிப்பார். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அனுப்புவார். இரத்தப் பரிசோதனையும் செய்யப்படலாம். வைட்டமின் பி12 குறைபாடும் தண்டுவடத்தைப் பாதித்துக் கைகால்களை மரத்துப்போகச் செய்யும். நீண்ட காலமாகச் சைவ உணவு மட்டுமே உண்பவர்களும், நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் இதை மருத்துவரிடம் குறிப்பிட வேண்டும். நம் குடும்பங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பவர்கள் பலர். இந்தக் குறைபாட்டுக்கு ஊசியும் மாத்திரையும் உண்டு. மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சையும் கவனமும்

அழுத்தம் லேசாக இருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் பயிற்சிகளுடன் தொடரலாம். அதிகமாக இருந்தால் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். நிலைமை மேலும் மோசமாகாமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம். பலருக்குக் கையின் செயல்பாடும் ஓரளவு மேம்படுகிறது. ஆனால், அழிந்துபோன இயக்க நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. எனவே எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்கள் என்பது முக்கியம். சிகிச்சைக்குப் பிறகு பொத்தான் போடுவது, நாணயம் பொறுக்குவது போன்றவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள். எஞ்சியிருக்கும் நரம்பணுக்களைப் பழக்கும் வழி அதுதான்.

பரிசோதனை முடியும்வரை கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பதும், யாரையாவது கொண்டு கழுத்தைப் பலமாகப் பிடித்துவிடச் சொல்வதும் வேண்டாம். குளியலறைத் தரையை ஈரமில்லாமல் வைத்திருங்கள். குழாய் ஏற்கெனவே குறுகியிருப்பவர்கள் வழுக்கி விழுந்து முகத்திலோ நெற்றியிலோ அடிபட்டால், எலும்பு முறியாமலேயே இரு கைகளும் வலுவிழந்துபோகலாம். அப்படி நேர்ந்தால் கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து உடனே 995ஐ அழையுங்கள். கையோ முகமோ ஒரு பக்கம் மட்டும் திடீரென வலுவிழந்தாலும் பேச்சுக் குழறினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கும் அழைக்க வேண்டிய எண் 995.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள். எந்த வேலை கடினமாகிவிட்டது, எப்போதிலிருந்து என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். “கை சரியில்லை” என்பதைவிட “மூன்று மாதமாக வலது கையால் பொத்தான் போட முடியவில்லை” என்று சொல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.